துறை வாரியாகவா, ஒரே நிகழ்விலிருந்தா?

கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியலை அறிமுகப்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, வாரத்துக்கு ஒரு துறை: பொருளியல், சமூகவியல், வரலாறு. கலைச்சொற்கள் தெளிவாகும், தேர்வுக்கும் உதவும். ஆனால் துறைகள் ஒன்றோடொன்று பேசாது.

மற்றொன்று, ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு எல்லாத் துறைகளையும் அதன்மேல் இறக்குவது. மதுரையில் இதற்கு 1939 ஜூலை 8-ஐ விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில், சாதியின் பேரால் அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார்கள். அவர்களைப் பாதுகாக்கும் அவசரச் சட்டத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் ராஜாஜி அரசு அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது. செயல் முந்தி, சட்டம் பிந்தி வந்தது ஏன் என்று சட்டம் படிப்பவர் கேட்பார். கோயில் கதவு திறந்ததும் வீட்டு வாசலும் திறந்ததா என்பது சமூகவியலின் கேள்வி. பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்ததை மானுடவியல் கிளறும். வகுப்பில் சண்டை வரும், வரட்டுமே.

பொருளியலுக்கு இதில் வேலை குறைவு, சரி. அதனால் முதல் மாதம் நிகழ்வு, அப்புறம் துறை வாரியாக என்றால் என் ஓட்டு அதற்கே. இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நிற்க, கால அட்டவணை போடுபவர்தான் மனம் வைக்க வேண்டும்.