மூன்று போர்டு, ஒரே 16: இசட்490 உச்ச மதர்போர்டுகளின் விஆர்எம் ஒப்பீடு

2020 மே மாதம் இன்டெலின் 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் கடைக்கு வந்தன. அவற்றுக்கான இசட்490 மதர்போர்டுகளில் உச்சியில் நின்றவை என்று மூன்றைச் சொல்லலாம்: ஏசுஸின் ஆர்ஓஜி மேக்சிமஸ் 12 எக்ஸ்ட்ரீம், எம்எஸ்ஐயின் எம்இஜி இசட்490 காட்லைக், கிகாபைட்டின் இசட்490 ஆரஸ் எக்ஸ்ட்ரீம். முதல் இரண்டும் அமெரிக்காவில் 750 டாலர் அளவில் விற்றன, மூன்றாவது 800 டாலர். பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியான விஆர்எம் பற்றிப் பேசும்போது மூன்று நிறுவனங்களும் 16 என்ற எண்ணையும் 90 ஆம்பியர் என்ற எண்ணையும் முன்னால் வைத்தன. படிக்கிறவர் மூன்றிலும் ஒரே அமைப்புதான் இருக்கிறது என்று நினைப்பார். இல்லை. அந்த 16 மூன்று போர்டிலும் மூன்று வேறு அர்த்தம் கொண்டது.

இவை பழைய போர்டுகள்தான். ஆனாலும் கீழே விளக்கப்போகிற டபுளர், ஜோடி, நேரடி என்ற மூன்று வழிகளும் ஒரே பிராசசருக்காக, கிட்டத்தட்ட ஒரே விலையில், ஒரே திறன்கொண்ட உதிரிகளோடு எதிரெதிரே நின்றது இந்தத் தலைமுறையில்தான். இன்றைக்கு வாங்கும் போர்டிலும் இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். அதனால் இங்கே பிரித்துப் பார்த்துவிட்டால் அடுத்த போர்டைப் பார்க்கும்போது குழப்பம் வராது.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பது 1.25 வோல்ட்டை ஒட்டி. ஐ9-10900கே பிராசசரின் அட்டையில் 125 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் இன்டெலே அதற்கு 56 நொடி வரை 250 வாட் அனுமதிக்கிறது. பல போர்டுகள் அந்த நேர வரம்பையும் எடுத்துவிட்டுத்தான் வந்தன. 250 வாட்டை 1.25 வோல்ட்டால் வகுத்தால் 200 ஆம்பியர். வீட்டில் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது இழுப்பது 7 ஆம்பியர் அளவுதான் என்பதை நினைத்தால், தீப்பெட்டி அளவு இடத்துக்குள் 200 ஆம்பியரை இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். இதைச் செய்வதுதான் விஆர்எம்.

விஆர்எம் பல ஃபேஸ்களால் ஆனது. ஒரு ஃபேஸ் என்றால் சுவிட்சுபோல வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட், சோக் என்ற ஒரு கம்பிச்சுருள், பின்னால் கெபாசிட்டர்கள். மேல் மாஸ்ஃபெட் திறந்தால் 12 வோல்ட் சோக்குக்குள் பாயும். மூடியதும் கீழ் மாஸ்ஃபெட் திறந்து சோக்கில் சேர்ந்த ஆற்றல் பிராசசர் பக்கம் வடியும். மேல் மாஸ்ஃபெட் மொத்த நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் திறந்திருக்கும். நொடிக்குச் சில லட்சம் முறை இது நடக்கிறது. ஒரே ஃபேஸ் என்றால் மின்னோட்டம் அலையலையாக ஏறி இறங்கும். பல ஃபேஸ்கள் முறைவைத்துத் திறந்தால் ஒன்றின் இறக்கத்தை இன்னொன்றின் ஏற்றம் நிரப்பிவிடும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்: இடி நிற்பதே இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்க நேரம் கிடைக்கிறது.

யார் எப்போது போட வேண்டும் என்று தாளம் சொல்வது பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் என்ற சின்னச் சிப். அதிலிருந்து எத்தனை சிக்னல் கிளம்புகிறது, அது எப்படி 16 பவர் ஸ்டேஜுக்கு (அந்த இரண்டு மாஸ்ஃபெட்டும் அடங்கிய சிப்) போய்ச் சேருகிறது என்பதில்தான் மூன்று போர்டும் பிரிகின்றன.

எம்எஸ்ஐ காட்லைக்கில் இருப்பது ஐஎஸ்எல்69269 கன்ட்ரோலர். பெயரில் உள்ள ஐஎஸ்எல், 2017இல் ரெனேசாஸ் வாங்கிய இன்டர்சில் நிறுவனத்தின் எச்சம். பிராசசர் மின்னழுத்தத்துக்காக இதிலிருந்து 8 சிக்னல்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஐஎஸ்எல்6617ஏ என்ற டபுளருக்குள் நுழைந்து இரண்டாகிறது. அதாவது முதல் துடிப்பு ஒரு பவர் ஸ்டேஜுக்கு, அடுத்த துடிப்பு இன்னொன்றுக்கு. கடைசியில் 16 ஐஎஸ்எல்99390 பவர் ஸ்டேஜ்கள், 16 சோக்குகள், 16 வேறு வேறு முறைகள். அலை சீராவதைப் பொறுத்தவரை இது உண்மையான 16தான். இன்னொரு நல்ல விஷயம், இந்த டபுளர் தன் கீழே உள்ள இரண்டு ஸ்டேஜின் மின்னோட்டத்தையும் அளந்து சமமாக்குகிறது. ஒன்று அதிகமாக உழைத்துச் சூடாகும் நிலை வராது.

விலை என்ன கொடுக்கிறோம்? சிக்னல் டபுளரைக் கடக்க சில பத்து நானோ நொடிகள் ஆகும். அதைவிட முக்கியம், கன்ட்ரோலர் அனுப்பும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் ஒவ்வொரு ஸ்டேஜும் திறக்கிறது. கன்ட்ரோலர் 600 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஸ்டேஜ் 300இல் ஓடும். திறந்து மூடுவதில் ஆகும் நஷ்டம் குறையும் என்பது லாபம். ஆனால் பிராசசர் திடீரென்று கூடுதல் மின்னோட்டம் கேட்டால் ஒவ்வொரு ஸ்டேஜும் தன் முறை வரும்வரை கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஏசுஸ் டபுளரால் வரும் தாமதத்தைக் காரணம் சொல்லித்தான் அதைக் கைவிட்டது. மேக்சிமஸ் 12 எக்ஸ்ட்ரீமில் ஏஎஸ்பி1405ஐ என்ற கன்ட்ரோலர் இருக்கிறது. ஏசுஸ் முத்திரையோடு வந்தாலும் இன்பினியனின் 8 சிக்னல் கன்ட்ரோலர்தான் இது என்பது போர்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இங்கே ஒரு சிக்னல் நேராக இரண்டு பவர் ஸ்டேஜுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. நடுவில் எந்தச் சிப்பும் இல்லை, தாமதம் இல்லை, ஸ்டேஜுகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் ஜோடியில் இரண்டு உலக்கையும் ஒன்றாக விழுகின்றன, முறை மாறுவதில்லை. எத்தனை சோக்கை எண்ணினாலும், அலையைச் சீராக்கும் கணக்கில் அதன் பாதிதான் வரும்.

2018இல் இசட்390 தலைமுறையின் மேக்சிமஸ் 11 ஹீரோ வந்தபோது இதுதான் பெரிய சர்ச்சையானது. பிராசசருக்கு 8 சோக் இருப்பதைப் பார்த்து 8 ஃபேஸ் என்று பலர் எழுதினார்கள். பிரித்துப் பார்த்தபோது 4 சிக்னல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டேஜ். 'ஏமாற்று' என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜோடி அமைப்பு மோசமான பொறியியல் அல்ல. இரண்டு சோக்குகள் ஒன்றாக வேலை செய்வதால் திடீர்த் தேவையின்போது மின்னோட்டம் வேகமாக ஏறும். ஜோடிக்குள் சமன் செய்ய யாரும் இல்லையே என்றால், மாஸ்ஃபெட்டின் இயல்பே ஓரளவு கைகொடுக்கிறது: சூடு ஏறினால் அதன் மின்தடையும் ஏறும், அதனால் சூடான ஸ்டேஜ் தானாகவே கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். தப்பு எண்ணிக்கையைச் சொன்ன விதத்தில்தான். வாங்குகிறவருக்கு அமைப்பை விளக்காமல் எண்ணை மட்டும் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும்.

தாமதம் பற்றிய வாதமும் உண்மைதான், ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 500 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 2000 நானோ நொடி. அதில் சில பத்து நானோ நொடி பெரிய பங்கு அல்ல. பாதி வேகம் என்பதுதான் டபுளரின் உண்மையான பலவீனம்.

இப்போது கிகாபைட். ஆரஸ் எக்ஸ்ட்ரீமில் இன்பினியனின் எக்ஸ்டிபிஇ132ஜி5சி கன்ட்ரோலர். இதிலிருந்து 16 சிக்னல்கள் நேரடியாகவே வருகின்றன. டபுளரும் இல்லை, ஜோடியும் இல்லை. ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் தனித்தனியாகக் கன்ட்ரோலரின் கண்காணிப்பில் இருக்கிறது: அதன் மின்னோட்டம் தனி, அதன் முறை தனி. அலை சீராக்குவதில் காட்லைக்கின் நன்மை, வேகத்தில் ஏசுஸ் எக்ஸ்ட்ரீமின் நன்மை, இரண்டும் ஒரே இடத்தில். இங்கே உள்ள டிடிஏ21490 பவர் ஸ்டேஜ்தான் ஏசுஸிலும் இருக்கிறது என்பது இந்த ஒப்பீட்டுக்கு நல்ல வசதி. உதிரி ஒன்றே, இணைத்த விதம் மட்டும் வேறு. வெறும் மின்சுற்று அழகை வைத்து ஒன்றைத் தேர்வு செய் என்றால் நான் யோசிக்காமல் ஆரஸ் எக்ஸ்ட்ரீமைத்தான் சொல்வேன்.

சரி, இந்த வித்தியாசம் உங்கள் மேசையில் தெரியுமா? கணக்குப் போடுவோம். 16 ஸ்டேஜ், தலைக்கு 90 ஆம்பியர் என்றால் 1440 ஆம்பியர். நமக்குத் தேவை 200. ஆக ஒரு ஸ்டேஜ் சுமப்பது 12.5 ஆம்பியர். 90 என்பது நன்றாகக் குளிர்வித்த நிலையில் சிப் தாங்கும் உச்சம்; எந்தப் போர்டும் 16 ஸ்டேஜிலும் 90 ஓட்டப்போவதில்லை. பெரிய ஸ்டேஜ் போடுவதன் பயன் வேறு: உள்ளே மின்தடை குறைவு, அதனால் அதே 12.5 ஆம்பியருக்கு வெப்பம் குறைவு. 92 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 250 வாட் கொடுக்க விஆர்எம் சுமார் 272 வாட் வாங்கி 22 வாட்டை வெப்பமாக விடும். 16 இடங்களில் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வாட்டைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்று போர்டுக்கும் இது பிரச்சினையே இல்லை.

பிரச்சினை அந்த 22 வாட் எங்கே போகிறது என்பதில் வரும். 2017இல் இன்டெல் பிராசசர்களுக்கான எக்ஸ்299 போர்டுகள் வந்த சமயம், ஜெர்மனியின் ஓவர்கிளாக்கர் (பிராசசரை வரம்பைத் தாண்டிய வேகத்தில் ஓட்டுபவர்) டெர்8ஆவர் அந்தப் போர்டுகளின் விஆர்எம் சூட்டைக் கடுமையாக விமர்சித்துக் காணொளி போட்டார். உதிரிகள் மோசம் என்பதல்ல அவருடைய முக்கியக் குறை. மேலே வைத்திருந்த ஹீட்சிங்க் வெறும் அலங்காரக் கட்டி, காற்று நுழைய இடமே இல்லை என்பதுதான். அதற்கு அப்புறம்தான் உச்ச போர்டுகளில் மெல்லிய தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்குகள் பரவலாகத் திரும்பி வந்தன. ஆரஸ் எக்ஸ்ட்ரீமில் அப்படிப்பட்ட தகடு அடுக்கும், அதோடு ஹீட்பைப்பும் உண்டு.

இதை நான் கையால் அனுபவித்திருக்கிறேன். முன்பு என்னிடம் இருந்த ஒரு நடுத்தர விலைப் போர்டில் வீடியோ என்கோடிங் ஓடவிட்டால் இருபது நிமிடம் கழித்து வேகம் பாதியாக விழும். பிராசசர் சூடு சாதாரணமாகவே காட்டும். பவர் சப்ளையை மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் கேபினட்டைத் திறந்து விஆர்எம் ஹீட்சிங்கில் விரல் வைத்தேன். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்ததும் வேகம் விழுவது நின்றது. காரணம் எளிது. அதற்கு முந்தைய மாதம்தான் காற்றுக் கூலரை எடுத்துவிட்டு நீர்க் கூலர் மாட்டியிருந்தேன். காற்றுக் கூலரின் ஃபேன் பிராசசரோடு சேர்த்து விஆர்எம் மேலும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. நீர்க் கூலர் வந்ததும் அந்தக் காற்று போய்விட்டது. 35 டிகிரி அறையில் வேலை பார்க்கிறவர்கள், விமர்சகர்கள் 22 டிகிரியில் அளந்த எண்ணோடு 13 டிகிரியைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸ். மின்னோட்டம் ஏறும்போது மின்னழுத்தம் இறங்கும். அது குறையல்ல, வேண்டுமென்றே வைத்திருப்பது. இந்த இறக்கத்தை ஒரு மில்லிஓம் மின்தடைக்குச் சமமாக வைத்தால் 200 ஆம்பியரில் 0.2 வோல்ட் இறங்கும். இதை எவ்வளவு மட்டுப்படுத்துவது என்பதுதான் லோட்-லைன் அமைப்பு. மூன்று நிறுவனங்களும் இதற்கு வேறு வேறு நிலை எண்கள் வைத்திருக்கின்றன; ஒன்றின் 4ஆம் நிலையும் இன்னொன்றின் 4ஆம் நிலையும் ஒன்றல்ல. இறக்கமே இல்லாமல் தட்டையாக வைத்தால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் மின்னழுத்தம் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவதில்தான் நேரடி 16 தன் பலத்தைக் காட்டுகிறது. திரவ நைட்ரஜன் ஊற்றி எல்லையில் ஓட்டுகிறவருக்கு இது முக்கியம். வீட்டில் 5.1 கிகாஹெர்ட்ஸில் நிரந்தரமாக ஓட்டுகிறவருக்கு நடுத்தர நிலை போதும், மூன்று போர்டிலும் போதும்.

வீட்டுக்கோ ஸ்டுடியோவுக்கோ என்றால் எனக்கு இந்த மூன்றுமே தேவைக்கு மேல். அதே தலைமுறை ஏஎஸ்ராக் இசட்490 டைச்சி இவற்றின் பாதி விலையில் வந்தது. பிராசசருக்கு டபுளர் வழியில் 12 ஸ்டேஜ், ஒவ்வொன்றும் 50 ஆம்பியர். மொத்தம் 600, தேவை 200. காற்றோட்டம் சரியாக இருந்தால் 10900கேவை அது நாள் முழுக்க ஓட்டும். உச்ச போர்டுக்குக் கொடுக்கும் மீதிப் பணம் நெட்வொர்க் சிப், தண்டர்போல்ட் போன்றவற்றுக்குத்தான் போகிறது. அவை வேண்டுமென்றால் வாங்குங்கள், விஆர்எம்முக்காக வேண்டாம்.

பழையதாக இந்த மூன்றில் ஒன்று கிடைத்து வாங்கினால், முதல் வேலையாக விஆர்எம் ஹீட்சிங்கைக் கழற்றி, ஸ்டேஜுகளுக்கும் அதற்கும் நடுவே வெப்பம் கடத்தும் தெர்மல் பேடைப் பாருங்கள். காய்ந்து விரிசல் விட்டிருந்தால், அல்லது ஸ்டேஜுகளின் அச்சு அதில் சீராகப் பதியாமல் இருந்தால், பழைய பேடின் தடிமனை அளந்து அதே தடிமனில் புதிது போடுங்கள். தடிமன் கூடினால் சில ஸ்டேஜுகள் மட்டும் அழுந்தி மற்றவை தொடாமல் நிற்கும். திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.