புது புட்டீக் ட்யூப் ஆம்ப்: பணம் எங்கே போகிறது, முதல் வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்

புட்டீக் ஆம்ப், அதாவது சிறு பட்டறைகளில் கையால் வயரிங் செய்து வரும், ட்யூப்பில் (வெற்றிடக் குழாய்) இயங்கும் கிடார் ஆம்ப்பில் குமிழ்கள் குறைவு. வால்யூம், டோன், சிலவற்றில் மாஸ்டர், அவ்வளவுதான். எஃபெக்ட்ஸ் லூப்பும் (பெடல்களை ஆம்ப்பின் நடுவில் இணைக்கும் வழி) ரிவெர்பும் (எதிரொலி) இல்லாமலே பல வருகின்றன. நாம் கொடுக்கும் பணம் நல்ல டிரான்ஸ்பார்மர்களுக்கும் டரெட் போர்டுக்கும் (உலோக முளைகளில் பாகங்களைக் கையால் சால்டர் செய்யும் பலகை) போகிறது. எத்தனை வருடம் ஆனாலும் கெட்டுப்போன ரெசிஸ்டரை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதற்காகவே அந்த விலை தகும். மற்றபடி, கையால் செய்தது என்பதாலேயே ஒலி உயர்ந்துவிடாது. நன்றாக வடிவமைத்த பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) ஆம்ப்பும் அதே அளவுக்கு நன்றாக ஒலிக்கும்.

பலர் ஏமாறுவது வாட் கணக்கில்தான். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் பட வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. 97 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய அதே பலன் கிடைக்கும். இரண்டு இஎல்84 (ஸ்பீக்கரை இயக்கும் பவர் ட்யூப்) போட்ட 15 வாட் ஆம்ப்பைக் கூட பவர் ட்யூப் டிஸ்டார்ட் ஆகும் வரை ஏற்றினால் வீட்டு அறையில் உட்கார முடியாது. வீட்டில் வாசிக்க 5 வாட்டுக்குள் எடுங்கள், இல்லையென்றால் அட்டென்யுவேட்டருக்கும் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்பின் 5இ3 சர்க்யூட்டைத் தழுவிய ஆம்ப்களில், கிடார் செருகாத சேனலின் வால்யூமைத் திருப்பினாலும் டோன் மாறும். அது பழுதில்லை. இரண்டு வால்யூம்களும் ஒன்றோடொன்று இணைந்த அமைப்பு அப்படி, அந்த ஆம்ப்பின் அழகே அதில்தான் இருக்கிறது. 5ஒய்3 ரெக்டிஃபையர் ட்யூப் (ஏசியை டிசியாக மாற்றுவது) இருந்தால், பலமாக அடிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கி நோட் மெதுவாக எழும். இறுக்கமான லோ எண்ட் வேண்டுபவர்களுக்கு அது பிடிக்காது.

பெட்டியைப் பிரித்ததும், உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பின்பக்க வோல்டேஜ் குறிப்பைப் பாருங்கள். பயணத்தில் ட்யூப்கள் சாக்கெட்டில் தளர்ந்திருக்கலாம், ஒவ்வொன்றையும் அழுத்திவிடுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. லோடு (ஸ்பீக்கர்) இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். 8 ஓம் கேபினெட்டை 8 ஓம் ஜாக்கில்தான் செருக வேண்டும். வால்யூமைப் பாதி வைத்து, ஒரு பென்சிலால் 12ஏஎக்ஸ்7 ட்யூப்களை (கிடார் சிக்னலை முதலில் பெருக்கும் சிறியவை) மெல்லத் தட்டுங்கள். லேசான டக் சத்தம் இயல்பு. மணி அடித்ததுபோல் நீண்டு ரீங்கரித்தால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக் (அதிர்வையே ஒலியாக்குகிறது), அதை மாற்றுங்கள். குறிப்பாக இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ட்யூப்பில் இது சகிக்காது.

முதல் சில நாட்களில் ஹை எண்ட் குத்தினால் ஆம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். புது ஸ்பீக்கரின் கோன் விறைப்பாக இருக்கும், வாசிக்க வாசிக்கத்தான் தளரும்.

பயாஸ் என்பது வாசிக்காதபோது பவர் ட்யூப்பில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிப்பது. அதைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்ப்பில் பவர் ட்யூப் மாற்றினால் பெரும்பாலும் பயாஸ் செட் செய்ய வேண்டியதில்லை. கையால் செட் செய்யும் ஃபிக்ஸ்டு பயாஸில் கட்டாயம் வேண்டும். 6எல்6ஜிசி பவர் ட்யூப்பின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) தாங்கும் வரம்பு 30 வாட், அதில் 70 சதவீதம் 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு ட்யூப்புக்குச் சுமார் 46 மில்லிஆம்ப், அதுதான் மேல் வரம்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் சேஸிஸைத் திறக்க வேண்டாம்.

ட்யூப்பின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறப் பிளேட் சிவந்து ஒளிர்ந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ப்யூஸ் போனால் அதே அளவு ப்யூஸ்தான் போட வேண்டும், பெரியது போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர். பவர் ட்யூப்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ப்யூஸ் போகாமல் இருந்தால் பெரும்பாலும் ட்யூப்பில்தான் ஷார்ட். அப்போதும் போனால் டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள்.