அடைத்த பாண் சுட ஒரு மேசை ஓவன்

திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றில் வாங்கிய 30 லீற்றர் மின் ஓவனை, மரக்கறியும் சீஸும் அடைத்த பாண் சுடுவதற்கே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். மேல், கீழ்க் கம்பிகள் இரண்டும் எரியும்போது, நடுத்தட்டில் வைத்த பாண் 190 பாகை செல்சியசில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் பொன்னிறமாகிறது. ஆயினும் பின்பக்கம் விரைவாகச் சிவப்பதால், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஓர் ஓரம் கருகிவிடும். கொடுத்த விலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கரட், லீக்ஸ், கறிமிளகாய் ஆகியவற்றைத் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்ட பின்னரே மாவுக்குள் வைத்து மூட வேண்டும். ஈரம் எஞ்சினால் அடிப்பாகம் வேகாமல் களியாகவே நிற்கும், அதற்கு எந்த ஓவனையும் குறைசொல்லிப் பயனில்லை. துருவிய செடார் சீஸ் சுவையைக் கூட்டும். நூலாக இழுபட வேண்டுமென்றால் மொசரெல்லா சீஸ்தான் பொருத்தம்.

மாவைப் பொங்கவைப்பதற்கென்று ஓவனில் தனி வசதியொன்று இருக்கிறது. நமது ஊர் வெக்கையில் ஈஸ்ட் சேர்த்த மா மூடிவைத்த சட்டியிலேயே பொங்கிவிடுவதால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. உருகிச் சொட்டும் சீஸைத் தாங்கும் தட்டைக் கழற்றிக் கழுவலாம். உட்சுவரைத் துடைப்பதுதான் பெரும்பாடு.