நான்கு வருட சிஆர்எம்: ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று பதிவு

நேற்று இரவு நண்பர் ஒருவர் கேட்டார்: "நாலு வருஷமா சிஆர்எம் வச்சிருக்கீங்களே, எங்க சேல்ஸ் டீமுக்கும் வாங்கலாமா?" சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனைப் பேச்சுகளையும் பதிந்து வைக்கும் மென்பொருள். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று மதியம்தான் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "உங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் ஆளுக்கொரு கொட்டேஷன் அனுப்பியிருக்காங்க. எதை எடுத்துக்கிறது?" என்றார். இரண்டிலும் விலை வேறு. மன்னிப்புக் கேட்டுவிட்டு, குறைந்த விலையையே கொடுத்தோம்.

எல்லாம் டூப்ளிகேட் செய்த வேலை, அதாவது ஒரே ஆள் சிஆர்எம்மில் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருப்பது. இதில் லீட் என்றால் புதிதாக விசாரிப்பவர், டீல் என்றால் பேச்சில் இருக்கும் விற்பனை, பைப்லைன் என்றால் முடியாத டீல்களின் மொத்தப் பட்டியல்.

எங்கள் சிஆர்எம், ஒருவர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறாரா என்று மின்னஞ்சலை வைத்துத்தான் பார்க்கிறது. எங்களுக்கு வரும் விசாரணைகளில் பாதிக்கு மேல் போனில் வருபவை. மின்னஞ்சல் ஃபீல்டு காலியாக இருந்தால் சோதனையே நடப்பதில்லை. போன் எண்ணையும் சோதிக்கும்படி அமைப்பை மாற்றிப் பார்த்தோம். எண்ணை அது எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. நாட்டுக் குறியீட்டோடு ஒன்று, முன்னால் பூஜ்யம் போட்டு ஒன்று, நடுவில் இடைவெளி விட்டு ஒன்று என்று வந்தால் அதன் கணக்கில் மூன்று பேர். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண், மொத்தம் 15 இலக்கத்துக்கு மிகாமல் எழுத ஈ.164 என்ற சர்வதேச முறை எத்தனையோ காலமாக இருக்கிறது. பதிவு உள்ளே வரும்போதே அந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இதைக்கூடச் செய்யாத மென்பொருளுக்கு வருடா வருடம் சந்தா கட்டுகிறோம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. லீட்டை கன்வெர்ட் செய்ததும், அதாவது வாங்கக்கூடியவர் என்று குறித்ததும், அவர் கான்டாக்ட் என்ற தனிப் பட்டியலுக்குப் போய்விடுகிறார். ஆறு மாதம் கழித்து அவரே வெப் ஃபார்மில் விசாரித்தால் புது லீட்டாக வந்து நிற்கிறார். லீட் பகுதி கான்டாக்ட் பகுதியை எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த லீட் வேறொரு விற்பனையாளர் கைக்குப் போகிறது, பழைய பேச்சு எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. பைப்லைன் கணக்கும் கெடுகிறது. 50 சதவீத வாய்ப்புள்ள 100 ரூபாய் டீல் முன்கணிப்பில் 50 என்று சேர வேண்டும். இரண்டு தடவை இருந்தால் 100 என்று காட்டும், அதை நம்பித்தான் சரக்குக்கு ஆர்டர் போடுகிறோம். சப்போர்ட்டில் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் வேலை செய்யும்" என்றார்கள். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக மெர்ஜ் செய்யலாம்தான், ஆனால் தவறிச் சேர்த்துவிட்டால் எங்களுடையதில் திரும்பப் பிரிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கோபம் இருக்கிறது என்பதற்காக நல்லதை மறைக்கக் கூடாது. இரண்டாம் வருடத்தில் ஒரு வியூ, அதாவது வடிகட்டிய பட்டியல், போட்டோம்: முடியாத டீல், ஆனால் இன்றோ இனிமேலோ எந்த ஃபாலோ-அப்பும் குறிக்கப்படாதது. முதல் முறை திறந்தபோது அதிர்ந்துபோனேன். எங்களை விட்டுப்போனதாக நாங்கள் நினைத்திருந்தவர்களில் பலர் எங்களை மறுக்கவே இல்லை. நாங்கள்தான் திரும்பக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து காலையில் வந்ததும் அந்தப் பட்டியலைக் காலி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. விற்பனை கூடியதற்கு வேறு எதையும் காரணமாக என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு போன் பேச்சுக்கும் இரண்டு வரிக் குறிப்பு இருப்பதால், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் வாடிக்கையாளர் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சல் திறக்கப்பட்டது என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயிலில் புதிய தனியுரிமைப் பாதுகாப்பு வந்த பிறகு, அதைப் பயன்படுத்துகிறவர் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் திறந்ததாகவே காட்டலாம்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாங்கள் போன வாரம்தான் அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்தோம், அதையும் சொன்னேன். அவசியம் வேண்டுமென்றால், பணம் கட்டும் முன் இலவசச் சோதனைக் காலத்தில் ஒரே எண்ணை மூன்று விதமாக எழுதி மூன்று லீட் போட்டுப் பாருங்கள். ஒன்றையாவது தடுக்கிறதா என்று கவனியுங்கள். எங்களுக்கு இன்னும் 340 பதிவுகள் மெர்ஜ் செய்யக் கிடக்கின்றன.