பயர்பிளேஸுக்குக் கிரனைட் என்று கடப்பா கல்லைத் தலையில் கட்டினார்கள்: கொழும்பில் கல் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் கல் எடுக்கப் போகிறவர்கள், முக்கியமாக நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பழைய வீடு திருத்துகிறவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்கள். எங்களுக்குக் கறுப்புக் கிரனைட் என்று விற்கப்பட்டது கடப்பா கல். அதாவது சுண்ணக்கல். அதுவும் நெருப்புக்கு முன்னால் பதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, கிரனைட் விலை கொடுத்து வாங்கியது. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டாலும் பெரிய பயன் இருக்காது. இந்த வேலையை அந்த ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று நான் நம்பவில்லை.

அண்ணன் நுவரெலியாவில் வாங்கியது துரைமார் காலத்து வீடு. பலகைத் தரை, பெரிய சிம்னி. அடுப்புக்குள்ளே இருந்த நெருப்புச் செங்கல் நன்றாகத்தான் இருந்தது. வெளியே, தணலும் சாம்பலும் உருண்டு விழும் இடத்தில் போட்டிருந்த சீமெந்து மட்டும் வெடித்துப் பெயர்ந்திருந்தது. அந்த இடத்துக்கு நாலரை அடி நீளம், 20 அங்குல அகலம், 30 மில்லிமீற்றர் தடிப்பில் கல் தேவை. வெள்ளவத்தையில் இருப்பவள் நான் என்பதால் கல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஷோரூமில் எனக்குக் காட்டியது நல்ல கல்தான், அதை இப்போதும் சொல்வேன். ஆழ்ந்த கறுப்பு, வெட்டுமுகத்தில் பொடிப் பொடியாகப் படிகங்கள் மின்னின. "எதுக்கு மிஸ், பன்ட்ரிக்கா?" என்று கேட்டார் விற்பனையாளர். விறகு எரிக்கும் பயர்பிளேஸுக்கு, காஸ் அடுப்புக்கு இல்லை என்றேன். "அப்ப இதுதான் மிஸ். ஒரிஜினல் இந்தியன் பிளாக் கிரனைட். நெருப்புக்குள்ளயே போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

நெருப்புக்குள்ளேயே போட்டால் எந்தக் கிரனைட்டும் வெடிக்கும். அதில் இருக்கும் குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும். அதனால்தான் அடுப்புக்குள்ளே நெருப்புச் செங்கல், வெளியேதான் கல். வெளியே இருக்கும் கல்லுக்கு நேரடிச் சுவாலை படுவதில்லை. வெக்கையும் அவ்வப்போது விழும் தணலும்தான். அந்த அளவைக் கிரனைட் தாங்கும். இவ்வளவும் தெரிந்துதான் கிரனைட் கேட்டேன்.

பில்லில் கல்லின் வகையை எழுதச் சொன்னேன். "பிளாக் பொலிஷ்ட் ஸ்லாப்" என்றுதான் வந்தது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் மிஸ் வரும்" என்றார்கள். நான் விடவில்லை, வட்ஸ்அப்பில் கேட்டேன். அந்த விற்பனையாளர் தட்டெழுதாமல் குரலில் பதில் அனுப்பினார்: "ஓம் மிஸ், கிரனைட்தான், முப்பது எம்எம்தான், பயப்பட வேணாம்." இன்று எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்தக் குரல்தான். பில்லால் சல்லிக் காசுக்குப் பிரயோசனம் இல்லை.

ஷோரூமில் கல் வெட்டுவதில்லை. வெட்டும் இடம் வேறெங்கோ. பலகையைத் தெரிவுசெய்து, அட்வான்ஸ் கட்டி, அளவு கொடுத்துவிட்டு வந்தால், வெட்டிப் பொலிஷ் போட்ட துண்டு சாக்குச் சுற்றி லொறியில் நேராக நுவரெலியாவுக்குப் போய்விடுகிறது. கல் மாறுவது இந்த இடைவெளியில்தான். மேலே பளபளப்பும் கறுப்பும் ஒரே மாதிரி இருந்தால் மேசன் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவருக்குக் கிரனைட் என்று சொல்லி வந்தது, அவர் பதித்தார்.

டிசம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எல்லோரும் மேலே போனோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் ஊர். நெருப்பு மூட்டத்தானே வேண்டும். முதல் மாலை பிரச்சினை இல்லை. அடுத்த நாள் அடுப்பு வாயை ஒட்டிய பகுதியில் கறுப்பு வெளிறி, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. துடைத்தால் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு ராத்திரி, பேசிக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று ஒரு சத்தம். பிரிச்சுத் தட்டு அளவில் ஒரு சில்லு கல்லிலிருந்து கிளம்பி, சின்னவள் கம்பளி விரித்துப் படுத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் அடுக்கடுக்காக இருக்கிறது. உள்ளே கறுப்பே இல்லை, மங்கிய சாம்பல் நிறம். கிரனைட் அப்படி ஏடு ஏடாகப் பெயராது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. கல்லின் முன் விளிம்பிலிருந்து ஒரு பட்டி தனியாகக் கழன்று தொங்கியது. உண்மையான தடிப்பு 20 மில்லிமீற்றர்தான். முன்விளிம்பில் மட்டும் கீழே ஒரு கீலத்தைக் கறுப்புப் பசையால் ஒட்டி, உருட்டிப் பொலிஷ் போட்டு 30 போலக் காட்டியிருக்கிறார்கள். பன்ட்ரி மேற்பலகைக்கு இப்படி ஒட்டுவது வழக்கம், அங்கே அது குற்றமில்லை. நெருப்புக்கு முன்னால் பசை எத்தனை நாள் நிற்கும்?

கடைக்கு அழைப்பு எடுத்தோம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார், ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. மேசன் கல்லுக்குக் கீழே காற்று விட்டிருப்பார் என்றார் ஒருவர். இயற்கைக் கல் மிஸ், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது என்றார் இன்னொருவர். யூக்கலிப்டஸ் விறகு எரித்தீர்களா, அதில் சூடு கூட என்றார் மூன்றாமவர். நுவரெலியாவில் யூக்கலிப்டஸ் எரிக்காமல் வேறென்ன, சந்தனக் கட்டையா எரிப்பார்கள்?

பெயர்ந்த சில்லையும் வெட்டுத் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு பொரளைக் கனத்தை மயானத்துப் பக்கம் போனேன். அங்கே கல்லறைக் கல் செதுக்கும் ஒரு வயதானவரை அப்பாவின் காரியத்தில் பழக்கம். துண்டைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பொலிஷ் போடாத அந்தப் பக்கம் மேலே இருந்ததைவிட எவ்வளவோ வெளிறல். பேனாக்கத்தியால் கீறினார்; வெள்ளைக் கோடு ஆழமாக விழுந்து மாவு உதிர்ந்தது. அந்த மாவின் மேல் தேசிக்காயைப் பிழிந்தார். பக்கத்தில் ஒரு கிரனைட் துண்டை வைத்து அதையும் கீறி, அதிலும் பிழிந்தார். கிரனைட்டில் கத்திதான் தேய்ந்து ஈயக் கோடு போட்டது, புளி சும்மா கிடந்தது. எங்கள் கல்லில் பொடிக் குமிழிகள் கிளம்பின. துடைத்தபோது பளபளப்பு போய் அந்த இடம் மங்கியிருந்தது. "கடப்பா, மகள். எண்ணெயும் சாயமும் போட்டிருக்கான். இந்தியாவில இதுல தட்டு அடிப்பாங்க, சாமான் வைக்க."

வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியில் நெயில் பொலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். துணி கறுத்தது. கல்லின் சொந்த நிறம் துணியில் ஏறாது.

கடப்பா கல்லை நான் குறை சொல்லவில்லை. ஆந்திராவின் கடப்பாப் பக்கத்திலிருந்து வரும் கறுப்பு, சாம்பல் நிறச் சுண்ணக்கல் அது. தட்டுக்கும் தரைக்கும் மலிவான, நல்ல கல். ஆனால் படிவுப் பாறை, அடுக்கடுக்காகப் படிந்தது. அடுக்குகளுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழி தேடும்போது மேலடுக்கைத் தூக்கி எறிகிறது. சூளையில் 900 பாகை வரை ஏற்றினால் சுண்ணக்கல் சுட்ட சுண்ணாம்பாகவே மாறிவிடும். வெற்றிலை போடும் ஆச்சிமாருக்குக்கூடத் தெரிந்த விஷயம், கல் கடைக்காரருக்குத் தெரியாதாம்.

அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். எங்கள் மலைநாட்டுக் கருங்கல்லே போதும். இலங்கையின் பெரும்பகுதி நைஸ் (gneiss), சார்னொக்கைட் போன்ற, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பழைய பாறைதான். உள்ளூரில் வெட்டிய தடித்த கருங்கல்லைத்தான் இப்போது அண்ணன் போட்டிருக்கிறார். பளபளப்பு இல்லை, அண்ணிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அசையாமல் கிடக்கிறது. இம்முறை ஒரே பலகையாகப் போடாமல் துண்டுகளாக வெட்டி, இடையில் மெல்லிய இடைவெளி விட்டு, அடியில் வெற்றிடம் இல்லாமல் கொங்கிறீற் நிரப்பிப் பதித்தார்கள். நெருப்புப் பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்து கிடக்கும் கல்லுக்கு விரிய இடம் வேண்டும். "ஜொயின்ட் இல்லாம ஒரே பீஸா போட்டா அழகு மிஸ்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கிடைத்தால் மாக்கல் இன்னும் நல்லது. கல்சட்டி செய்யும் அதே கல்தான்; சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நெருப்பு அணைந்த பிறகும் வெக்கை தரும். மென்மையானது, விறகு விழுந்தால் கீறும், அவ்வளவுதான்.

இப்போது கொழும்பு ஷோரூம்களில் "குவார்ட்ஸ்" என்ற பெயரில் தயாரித்த பலகையைத் தள்ளிவிடுகிறார்கள். அது கற்பொடியைப் பிசினில் பிடித்த பலகை. ஏறத்தாழ 150 பாகைக்கு மேல் பிசின் நிறம் மாறிக் கருகும். பன்ட்ரியில்கூடச் சூடான சட்டியை நேராக வைக்க வேண்டாம் என்பார்கள். அடுப்பு வாய்க்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். ஆற்றுக் கூழாங்கல்லை அழகுக்காகப் பதிக்கிறவர்களும் உண்டு. உள்ளே நீர் தங்கியிருந்தால் அது வெடித்தே சிதறும்.

காசு விஷயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். கட்டிட வேலையில் கல்லை ஒக்டோபரில் வாங்கி, நவம்பரில் பதித்து, குளிர் வந்த பிறகுதான் நெருப்பு மூட்டுவோம். பிழை தெரியவரும்போது தவணை முடியப் போகும். எங்களுக்கும் மயிரிழையில்தான் தப்பியது. ஆகவே கல் வந்து இறங்கிய அன்றே, மேசன் கை வைக்கும் முன், அடிப்பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல், அதன்மேல் ஒரு சொட்டுத் தேசிப்புளி. வெட்டு மிச்சத் துண்டையும் கல்லோடு அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். தர மறுக்கிற கடையில் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

அந்தக் கடப்பாத் துண்டும் கனத்தை ஐயா தந்த கிரனைட் துண்டும் என் வீட்டில் இருக்கின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யாராவது கல் எடுக்கப் போவதாக இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இரண்டையும் தருகிறேன். பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், கனம்தான் கொஞ்சம் கூட.