கொதிக்காத ஸ்ட்ராபெரி ஜாம்: சில வருட அனுபவம்

"அக்கா, பெக்டின் தள்ளுபடியில் கிடைக்குது. நீங்க பிரீசரில் போட்டு வைப்பீங்களே, அந்த ஜாமுக்கு வாங்கட்டுமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். பெக்டின் என்பது ஜாமை இறுகவைக்கப் போடும் பொடி. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. சில வருடங்களாக ஒவ்வொரு ஜூனிலும் கனடாவின் ஒன்டாரியோ தோட்டங்களில் நாங்களே பறித்து வரும் பழத்தில் இந்த ஜாமைப் போடுகிறேன்.

வாசனைக்கு ஈடே இல்லை. அடுப்பில் கிண்டும் ஜாமில் பழத்தின் மணம் பாதி ஆவியோடு போய்விடும், நிறமும் மங்கும். இதில் அடுப்புக்குப் போவது பெக்டின் மட்டும்தான். முக்கால் கப் தண்ணீரில் அதை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து மசித்த பழத்தில் ஊற்றிக் கிளற வேண்டும். சர்க்கரை நறநறவென்று தட்டுப்படாத வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், கை வலிக்கும். அப்புறம் ஒரு நாள் வெளியே வைத்து இறுகவிட்டால் சரி. ஜனவரிப் பனியில் மூடியைத் திறந்தால் அன்றுதான் பறித்த மாதிரி மணக்கிறது. பிள்ளைகள் தோசைக்குக்கூடத் தொட்டுக்கொள்கிறார்கள்.

சர்க்கரையைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. 2 கப் பழத்துக்கு 4 கப்! குறைத்தால் சாதாரண பெக்டின் இறுகாது, பாகாகவே நிற்கும். குறைந்த சர்க்கரைக்கென்று தனி பெக்டின் உண்டு. ஆனால் அந்த ஜாம் பிரீசரில் கெட்டியாக உறைந்துவிடுகிறது. நிறையச் சர்க்கரை போட்டதில் நேராக ஸ்பூன் இறங்கும். உருகியதும் மேலே கொஞ்சம் தண்ணீர் விடும். அதைக் கலக்கிவிட்டால் போதும், அது ஒரு குறையே இல்லை.

என் எரிச்சல் வேறு. கொதிக்காத ஜாம் என்பதால் அலமாரியில் வைக்க முடியாது, பூஞ்சை பிடிக்கும். பிரிட்ஜில் 3 வாரம், பிரீசரில் ஒரு வருடம். ஆக, வருடம் முழுக்க பிரீசரில் குடியிருக்கும். அங்கே ஏற்கெனவே தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலை எல்லாம் அடைந்து கிடக்கின்றன. உறையும்போது ஜாம் விரியும் என்று ஒவ்வொரு டப்பாவிலும் அரை அங்குலம் காலியாக விட வேண்டும். இடமே இல்லாத வீட்டில் காற்றுக்கும் இடம் ஒதுக்குகிறேன்! மீன் வாங்கினால் வைக்க வழியில்லை. வீட்டில் யாரும் ஜாமை எடுத்துத் தீர்ப்பதும் இல்லை, "இருக்கட்டும், விசேஷத்துக்கு" என்கிறார்கள்.

அதனால் தோழிக்கு என் பதில்: தனியாகப் பெரிய பிரீசர் இல்லையென்றால், தள்ளுபடி என்ன, இலவசமாகக் கொடுத்தாலும் பெக்டின் வாங்காதே. பழத்தை அன்றே சாப்பிட்டுவிடு. மதிப்பெண் 5-க்கு 2. தேங்காய்த் துருவல் பாக்கெட் காலில் விழுந்த கையோடு எழுதுகிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.