சிங்கிள் ஃபேஸில் ஓடும் என் நாலரை அடி லேத்: ஆறு வருட அனுபவம்

கோவையில் தெரிந்தவர் ஒருவர் பட்டறையை மூடியபோது அவருடைய பழைய நாலரை அடி லேத்தை, அதாவது உலோகம் கடையும் இயந்திரத்தை, நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் டர்னராக நின்றவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மோட்டார் 2 எச்.பி., 415 வோல்ட், த்ரீ ஃபேஸ். வீட்டு லைனோ சிங்கிள் ஃபேஸ். தெரிந்தேதான் வாங்கினேன், எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற தைரியம்.

வாரத்தில் நாலைந்து மணி நேர வேலைக்காக த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்க மனம் வரவில்லை. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை மாற்றிப் போடலாம் என்றார்கள். அதில் இழுவை ஒரே சீராக வராது, நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஃபினிஷிங் கட்டில் அது ஜாப் (கடையும் உலோகத் துண்டு) மேல் கோலம் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு பம்பு மோட்டாரை ஓட்டுவோமே, அந்த வழியும் உண்டு. ஆனால் கிளம்பும்போது இழுவை பாதிகூட வராது, முழு லோடு கொடுத்தால் மோட்டார் கொதிக்கும். கடைசியில் டிரைவ்தான், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி த்ரீ ஃபேஸ் 230 வோல்ட்டாகக் கொடுக்கும் ரகம்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். டிரைவ் கொடுப்பது 230, மோட்டாருக்கு வேண்டியது 415. நம் ஊரில் 2 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டியிருக்கும், அதாவது மூன்று காயிலின் ஒரு முனை ஒரே முடிச்சில் சேர்ந்திருக்கும். அதையே முடிச்சைப் பிரித்து, ஒரு காயிலின் முனை அடுத்ததோடு சேரும் டெல்டாவாக மாற்றினால் 230 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். கரண்ட் மட்டும் 1.73 மடங்கு ஆகும். என் மோட்டாரில் அது 3.4 ஆம்பியரில் இருந்து 5.9 ஆனது. டெர்மினல் பாக்ஸில் ஆறு முனை இருந்தால் பட்டியை மாற்றிப் போட்டால் போதும். திறந்து பார்த்தால் எனக்கு மூன்றுதான். ரீவைண்டிங் கடைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, ஸ்டார் முடிச்சு உள்ளயே கட்டியிருக்குதுங்க. காயில் தலைப்பைப் பிரிச்சு ஆறு வயரா வெளிய எடுத்துடலாமுங்க" என்றார். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் டிரைவ் வாங்குவதற்கு முன் இந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

முதல் டிரைவ் மூன்று வாரம் கூட தாங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. லேத்தில் இருந்த ஃபார்வேர்டு-ரிவர்ஸ் சுவிட்சைக் கழற்றாமல், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டிருந்தேன். ஓடும்போது அதைத் திருப்பிய கணம் 'டப்' என்றது, அவ்வளவுதான். டிரைவில் இருந்து மோட்டாருக்குப் போகும் வயரில் நடுவில் எந்த சுவிட்சும், கான்டாக்டரும் இருக்கக்கூடாது. இப்போது அதே சுவிட்ச் டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு 'ஓடு, நில், திரும்பு' என்று சொல்லும் வேலையை மட்டும் செய்கிறது.

அதைவிட பயமுறுத்தியது இன்னொன்று. ஒரு நாள் கரண்ட் போனது. சுவிட்ச் ஃபார்வேர்டிலேயே இருந்ததை கவனிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். கரண்ட் வந்தவுடன் லேத் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜாப்பைப் பிடிக்கும் சக்கில், அதை முறுக்கும் சாவி இல்லாமல் போனது யார் செய்த புண்ணியமோ! மறுநாளே பச்சை, சிவப்பு பட்டன் வைத்து மூன்று வயர் முறைக்கு மாற்றினேன். கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சையை அழுத்தினால்தான் ஓடும். பழைய சுவிட்ச் திசை மாற்ற மட்டும். மின்வெட்டு சகஜமாக இருக்கும் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.

வேகத்தைக் குமிழில் திருப்பலாம் என்றவுடன் பெல்ட் மாற்றும் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒரு நாள் வழக்கமான 50 ஹெர்ட்ஸில் இருந்து 12 ஹெர்ட்ஸுக்கு, ஏறக்குறைய கால் பங்கு வேகத்துக்கு, இறக்கி பெரிய ஃபிளேஞ்ச் ஒன்றைக் கடைந்தேன். கால் மணி நேரத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில்தானே இருக்கிறது, மெதுவாகச் சுற்றினால் காற்று எங்கிருந்து வரும்? பலமும் வேகத்தோடு சேர்ந்தே குறைகிறது. லேத்தின் வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டால் வேகம் குறையக் குறைய இழுவை ஏறும். டிரைவால் அது ஆகாது. இப்போது பெல்ட், பேக் கியர் இரண்டும் பழையபடியே. 25 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் மட்டும் குமிழைத் திருப்புகிறேன். அதுவே போதும், சத்தம் எழும் இடத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் ஜாப் வழுவழு என்று வருகிறது.

அப்புறம் நிறுத்தும் நேரம். என் லேத்தில் சக் மரையில் ஏறி நிற்கும் வகை. ஆசைப்பட்டு ஒரு நொடியில் நிற்கும்படி வைத்தேன். சக் கால் சுற்று தளர்ந்து நின்றது. இப்போது 5 நொடி. மெதுவாக நிற்பதால், ஓவர் வோல்டேஜ் என்று டிரைவ் தானே அணைந்துபோகும் டிரிப்பும் போய்விட்டது. மெட்ரிக் மரை வெட்டும்போதுதான் டிரைவின் அருமை தெரிகிறது. டூலை நகர்த்தும் என் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு. அதனால் அந்த ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்காமலே டூலைப் பின்னுக்கு எடுத்து ரிவர்ஸில் ஓட்டி வர வேண்டும். முன்பு பட்டறையில் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் கியர் அலறும். இங்கே பூ மாதிரி திரும்புகிறது.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. டிரைவ் உள்ளே இழுப்பது 14 ஆம்பியர் வரை போகும், அதனால் போர்டில் இருந்து தனி வயர், தனி எம்.சி.பி. போட்டேன். எர்த்தை அலட்சியம் செய்ய வேண்டாம். மூடியைத் திறக்க நேர்ந்தால் மெயினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே கன்டென்சரில் 325 வோல்ட் தேங்கி நிற்கும்.

இந்த இரண்டாவது டிரைவில் ஆறு வருடத்தில் மாற்றியது ஒரே ஒரு கூலிங் ஃபேன். வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போகாமல் இருக்க லேத்தில் இருந்து தள்ளி, சுவரில் தனிப் பெட்டியில் மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் கனமான கட் எடுக்க முடியாது, அதற்கு வழியில்லை. ஷீல்டு கேபிள் போட்டும் தீராத குறை ஒன்று இருக்கிறது: மீடியம் வேவில் கோவை வானொலி கேட்பது என் வழக்கம், டிரைவ் ஓடினால் ஒரே கரகரப்பு. செய்தி நேரம் வந்தால் சிவப்புப் பட்டனை அழுத்திவிடுகிறேன்.